பத்தாயிரம் மைக்ரோஃபாரட்

இன்னாசி ஆர்கெஸ்ட்ராவை விட்டபோது
இரண்டாயிரத்து முந்நூறுக்குத் தந்த பெட்டி.
இருபது வாட். கறுப்பு ரெக்சின். ஒரு மூலையில்
எந்தக் கல்யாணத்திலோ சிந்திய ரோஸ்மில்க்.
வால்வு இல்லை, டிரான்சிஸ்டர்தான்,
உயிர் இருக்காது என்று சொல்லித்தான் விற்றான்.
காசை மட்டும் இரண்டு தரம் எண்ணிக்கொண்டான்.

செல்லூரில் எங்கள் ஒரு சந்துக்கு
இருபத்திரண்டு விசைத்தறி.
எல்லாம் ஓடினால் வோல்ட்டேஜ் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கும்,
பல்புக்கு மஞ்சள் காமாலை வரும்.
பெட்டியோ கிடாரைச் செருகும் முன்பே
ம்ம்ம் என்று ஆரம்பிக்கும்,
கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கும் ஆள் மாதிரி.

ஒரு ஞாயிறு பின்பலகையின் எட்டுத் திருகையும் கழற்றினேன்.
உள்ளே பல்லிமுட்டை ஓடு ஒன்று,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு,
மிச்சமெல்லாம் காற்று.
இவ்வளவுதானா என்றிருந்தது.
இவ்வளவுதான் என்றால் நானும் கை வைக்கலாம்
என்றும் இருந்தது.

டவுன்ஹால் ரோட்டு மாடிக்கடையில் தனுஷ்கோடி
யாருக்கும்மா வாங்குறே என்றார்.
எனக்கு.
தம்பி படிக்குதா?
எனக்கு.
சிவப்பு எல்இடி இரண்டைத் தாளில் மடித்துத் தந்தார்,
சாப்பாட்டுக்குப் பிறகு போடும் மாத்திரை போல.

அதுவரை உள்ளே
எதிரும் புதிருமாய்ப் படுத்திருந்த இரண்டு டையோடு,
அலை கொஞ்சம் நிமிர்ந்தாலே
தலையைக் கத்தரித்துவிடும்.
எல்இடி அப்படியில்லை. வரட்டும், இன்னும் வரட்டும் என்று
விட்டுப்பிடிக்கும். பிறகுதான் அறுக்கும்.
அறுக்கும்போது தானும் சிவக்கும்.
ஓங்கி அடித்தால் வலைத்துணிக்குப் பின்னால்
யாரோ பீடி இழுக்கிறார்கள்.

இரைச்சல் மட்டும் போகவில்லை.
எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டு
கண் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து
தினம் ஒரு வாளி ஊற்றினேன்.
"என்ன விதை போட்ட, முளைக்கவே காணோம்"
என்றாள் எதிர்வீட்டு ரமீஜா.
கம்பி என்றேன்.
அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

கடைசியாகக் கெப்பாசிட்டர்.
இருந்தது இரண்டாயிரத்து இருநூறு மைக்ரோஃபாரட்.
நான் வாங்கியது பத்தாயிரம், ஜோடியாக.
போர்டில் இடமில்லை. பெட்டியின் அடியில்
படுக்கவைத்துக் கேபிள் டையால் கட்டினேன்.
சார்ஜ் இறங்கும் முன்பே அவசரப்பட்டதில்
ஸ்க்ரூடிரைவர் முனை கருகிப்போனது.
அதை வைத்துத்தான் இப்போதும் திருகுகிறேன்.

இரைச்சல் பாதியாயிற்று. போதும்.
பகலெல்லாம் டோக்கன் எண் கூப்பிட்டுக் காய்ந்த தொண்டையோடு
இரவு எட்டரைக்கு ஈ மைனர் மட்டும் வாசிப்பேன்.
மற்றது இன்னும் விரலுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, வாசிக்கும்போதே,
கரண்ட் போனது.
இருபத்திரண்டு தறியும் ஒரே அடியில் நின்று
சந்துக்குக் காது அடைத்துக்கொண்டது.
என் ஈ மைனர் மட்டும் நின்றுகொண்டிருந்தது.
ஒன்று,
இரண்டு,
பிறகு ஓரம் பிரிந்து, கரகரத்து,
ஈரச்சேலையைத் தரையில் இழுக்கிற சத்தமாகி,
இல்லை.

"ஏம்மா, உனக்கு மட்டும் எங்கருந்து வருது கரண்ட்டு?"
தறிக்கூடத்து இருட்டிலிருந்து குலாம் மைதீன்.
கொக்கி போட்டிருக்கிறேனா என்று
எங்கள் மாடிக் கம்பியெல்லாம் டார்ச்சை ஓட்டினார்.
"பழசு" என்றேன்.
"எது?"
"கரண்ட்டு. பழைய கரண்ட்டு."
டார்ச் என் முகத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு
அணைந்தது.

அன்றிலிருந்து எட்டரைக்குக் காத்திருக்கிறேன்.
மின்வாரியத்தை நம்ப முடியவில்லை,
வேண்டும்போது ஒழுங்காக இருக்கிறது.
நேற்று வால்யூமைக் கூட்டிவைத்து, ஓங்கி அடித்து,
சுவரிலிருந்து ப்ளக்கை நானே பிடுங்கினேன்.
அதே இரண்டு வினாடிதான் இருந்திருக்கும்.
தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.
ஒன்றும் கேட்கவில்லை.